சாப்பிட்ட சோறு மூக்கு வழியாகத்தான் வெளியே போகிறது

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது: "சுவாச மண்டலம் ஒரு பாடம், செரிமான மண்டலம் இன்னொரு பாடம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்கிறாள். நேற்று சாப்பிடும்போது அவளுக்குப் புரை ஏறிவிட்டது. இருமி முடித்ததும், 'சோறும் காத்தும் ஒரே தொண்டையிலதானே போகுது, எது எங்க போகணும்னு எப்படித் தெரியும்? உள்ள போய் ரெண்டும் என்னதான் ஆகுது?' என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக் கொடுத்தே என் வாழ்நாளில் பெரும்பகுதி போனது. உங்கள் மகள் கேட்டதைவிட நல்ல கேள்வியை வகுப்பில் நான் அதிகம் கேட்டதில்லை. இரண்டு பாடங்களாகப் பிரித்தது நாம் படிக்கும் வசதிக்காக. உடம்புக்குள் இவை இரண்டும் தொண்டையில் ஒரு தரம் குறுக்கிட்டுக்கொள்கின்றன, பிரிந்து போகின்றன, கடைசியில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மறுபடி சந்திக்கின்றன. தலைப்பில் எழுதியிருப்பதும் விளையாட்டாகச் சொன்னதில்லை. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தொண்டை. மூக்குத் துவாரம் வாய்க்கு மேலே, பின்பக்கமாகத் தொண்டையில் வந்து திறக்கிறது. ஆனால் மூச்சுக்குழாய் கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. உணவு வருவது முன்னால் இருக்கும் வாயிலிருந்து; அது போகவேண்டிய உணவுக்குழாயோ மூச்சுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. ஆக, பின்னாலிருந்து வரும் காற்று முன்னால் போகவேண்டும். முன்னாலிருந்து வரும் சோறு பின்னால் போகவேண்டும். இரண்டு பாதையும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ரயில் பாதையைச் சாலை கடக்கும் லெவல் கிராசிங் போலத்தான். அங்கே கேட் போடாமல் முடியாது.

அந்தக் கேட் மூடுவதை உங்கள் மகளே தொட்டுப் பார்க்கலாம். கழுத்தின் முன்பக்கம், நடுவில் கெட்டியாகத் தட்டுப்படும் குரல்வளையின் மேல் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். குரல்வளை சட்டென்று மேலே ஏறி, பிறகு இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் என்னென்ன நடக்கிறது தெரியுமா? அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மேலெழுந்து மூக்குப் பாதையை அடைக்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி மூச்சுக்குழாயின் வாயை இறுக மூடுகின்றன. குரல்வளை மூடி என்கிற இலை போன்ற குருத்தெலும்பு அதன்மேல் கவிகிறது. மூளைத்தண்டு, "இப்போது மூச்சு விடாதே" என்று சுவாசத்தை நிறுத்தி வைக்கிறது. உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கிறது. கவளம் போய்விட்டது. பெரும்பாலும் விழுங்கி முடித்ததும் நாம் மூச்சை வெளியேதான் விடுகிறோம், உள்ளே இழுப்பதில்லை. வழியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காற்று அதை வெளியே தள்ளிவிடும். ஒரு நாளில் எச்சிலையும் சேர்த்துப் பல நூறு தடவை விழுங்குகிறோம். தூக்கத்தில்கூட இந்த ஒழுங்கு தப்புவதில்லை.

அப்புறம் ஏன் புரை ஏறுகிறது? பேசுவதற்கும் சிரிப்பதற்கும் குரல் நாண்கள் திறந்து, காற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விழுங்கும் நேரத்தில் சிரித்தால், மூடியிருக்கவேண்டிய கேட் திறந்துவிடுகிறது. சிரிப்புக்கு நடுவே இழுக்கும் மூச்சோடு ஒரு பருக்கையும் உள்ளே போகப் பார்க்கிறது. சாப்பிடும்போது பேசாதே என்று பாட்டிமார் சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. புரை ஏறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகிறோம். தட்டுவது அன்புக்குச் சரி. ஆனால் பருக்கையை வெளியே தள்ளுவது இருமல்தான். இருமிக்கொண்டிருக்கும் ஆளை இருமவிட வேண்டும்; வாயில் தண்ணீரைத் திணிக்கக் கூடாது.

இருமவும் முடியாமல், பேசவும் முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திணறினால் கதையே வேறு. அப்போது பாதை முழுதாக அடைபட்டிருக்கிறது. குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் அவருக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை வெடுக்கென்று அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே, பக்கத்தில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இந்த வயிற்று அழுத்த முறையை ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-ல் எழுதினார். நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றையே துப்பாக்கி போலப் பயன்படுத்துவதுதான் இதன் சூட்சுமம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டுவதும், பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் அழுத்துவதும்தான் முறை.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சின்னக் குழந்தைக்கு முழு நிலக்கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும்போது வலப்பக்கக் கிளை அகலமாகவும் நேராகவும் இறங்குகிறது. கடலை பெரும்பாலும் அங்கே போய்த்தான் உட்காரும். வெளியே எடுக்க மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட வேண்டியிருக்கும். அடுத்தது, மயங்கி விழுந்தவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுகிற பழக்கம். நினைவு இல்லாதவருக்குக் கேட் மூட ஆள் இல்லை. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போகும். பக்கவாதத்தால் சரியாக விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மருத்துவர்கள் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பதும் இதனால்தான். பாவம் பார்த்து வீட்டார் ரகசியமாக ஊட்டிய ஒரு வாய்க் கஞ்சி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு ஆபத்தான குறுக்குப் பாதை எதற்கு, இரண்டு தனிக் குழாய்கள் இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தாயின் வயிற்றில் கருவுக்கு நான்கு வாரம் ஆகும்போது நுரையீரல் என்று ஒன்று கிடையாது. உணவுப் பாதை மட்டும் ஒரு எளிய குழாயாக இருக்கிறது. அதன் முன்சுவரில் ஒரு சிறு மொட்டு விடுகிறது. அந்த மொட்டு வளர்ந்து, இரண்டாகக் கிளைத்து, கிளை மேல் கிளை விட்டுத்தான் நுரையீரல் ஆகிறது. உணவுக்குழாய் தாய், நுரையீரல் அது பெற்ற மகள் என்று சொல்லலாம். அதனால்தான் இன்றைக்கும் வாசல் ஒன்றாக இருக்கிறது.

சரி, கேட்டைத் தாண்டிக் காற்று என்ன ஆகிறது? மூக்கிலேயே அது சூடாகி, ஈரமாகி, தூசி வடிகட்டப்பட்டுவிடுகிறது. மூச்சுக்குழாய் இரண்டாக, நான்காக, எட்டாக, சுமார் 23 தடவை கிளைக்கிறது. கிளைகளின் நுனியில் திராட்சைக் கொத்து போலக் காற்று நுண்ணறைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம்தான். எல்லாவற்றின் உட்சுவரையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 750 சதுர அடி: நகரத்தில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டின் தரை அத்தனையும் மடித்து நெஞ்சுக்குள் வைத்தது மாதிரி. அந்தத் தரையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தந்துகிகள் என்ற மிக மெல்லிய குழாய்களில் ஓடும் ரத்தம். ரத்தத்தில் உள்ள ஒரு சிவப்பணு இங்கே தங்குவது முக்கால் நொடி. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள அதற்குக் கால் நொடியே போதும். மிச்ச நேரம் நாம் ஓடும்போது, ரத்தம் வேகமாகப் பாயும்போது கைகொடுக்கிறது.

இவ்வளவு சின்ன ஈரமான அறைகள், சோப்புக் குமிழி உடைவது போலச் சுருங்கி ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். அப்படி ஒட்டாமல் இருக்க நுரையீரல் செல்களே ஒரு வழவழப்பான பொருளைச் சுரந்து பூசிவைக்கின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பூச்சு போதுமான அளவு உருவாகியிருக்காது. அவர்கள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இதுதான் காரணம் என்று 1959-ல் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகும் 1963-ல், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்க அதிபர் கென்னடியின் மகனைக் காப்பாற்ற முடியவில்லை. குழந்தை இரண்டு நாள்கூட இருக்கவில்லை. அதிபர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத வைத்தியம் இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. மாதம் முடியாமல் வலி எடுத்து வரும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, அது குழந்தையின் நுரையீரலில் அந்தப் பூச்சைச் சீக்கிரம் சுரக்கவைக்கத்தான்.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதற்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசைத் தட்டு இறங்குகிறது, விலாக்கூடு விரிகிறது, இடம் கிடைத்ததும் காற்று உள்ளே வருகிறது. நிமிடத்துக்கு 12 முதல் 18 தடவை, தடவைக்கு அரை லிட்டர். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், வெளியே வருவதில் சுமார் 16. கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும்போது 0.04 சதவீதம், வெளியே வரும்போது 4. கிட்டத்தட்ட நூறு மடங்கு. இந்த 4 சதவீதத்தை மகளிடம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு தேவைப்படும்.

மூச்சு விடச்சொல்லி நம்மை நெருக்குவது ஆக்சிஜன் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வரும் நெருக்கடி. மூளையின் முகுளம் அதைத்தான் அளந்துகொண்டே இருக்கிறது. கிணற்றில் தம் கட்டி உள்நீச்சல் போட்டி வைக்கும் பிள்ளைகள், குதிப்பதற்கு முன் பத்து இருபது தடவை வேக வேகமாக மூச்சு வாங்குவார்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியே போய்விடுகிறது. நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்தும் "மேலே வா" என்ற நெருக்கடி வருவதில்லை. பிள்ளை திணறாமலே நினைவிழந்து மூழ்கிவிடுகிறது. நீச்சல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு நடப்பது இது. கிணறும் குளமும் உள்ள ஊரில் இதைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயம் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

இனி கவளத்தின் பக்கம் வருவோம். வாயில் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை வெட்டி இனிப்பாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உணவுக்குழாயில் சோறு தானாக விழுவதில்லை. தசை பின்னாலிருந்து பிழிந்து பிழிந்து தள்ளுகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் வயிற்றுக்குத்தான் போகும். செய்து பார்க்கவேண்டாம், கேட் விஷயம் நினைவிருக்கட்டும்.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது ஒரு விபத்தால். 1822-ல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலிப் படகோட்டியின் மேல் துப்பாக்கி வெடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அந்தத் துளை வழியாக இறைச்சித் துண்டுகளை நூலில் கட்டி இறக்கி, மணிக்கணக்கில் காத்திருந்து, வெளியே எடுத்துப் பார்த்தார். இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து 1833-ல் வெளியிட்டார். செரிமானம் என்பது அரைப்பது மட்டுமில்லை, அமிலமும் சாறும் செய்கிற ரசாயன வேலை என்பது அதில் உறுதியானது. மருத்துவத்துக்கு அது பெரிய கொடைதான். ஆனால் படிப்பறிவில்லாத ஓர் ஏழை, பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். மாணவர்களிடம் போமண்டின் பெயரைச் சொல்லும்போது மார்ட்டினின் பெயரையும் சேர்த்தே சொல்லுவேன்.

இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையானது. சொந்தச் சுவரையே அரித்துவிடாமல் இருக்கச் சளிப் படலம் காக்கிறது. அந்தக் காப்பு கெட்டால் அல்சர். காரம் தின்றதால் வந்தது, கவலையால் வந்தது என்றே நாம் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியும் வலி மாத்திரைகளும்தான். இந்தக் கிருமியைப் பற்றிச் சொன்னதை யாரும் நம்பாததால் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

உண்மையான செரிமானம் நடப்பது சிறுகுடலில். கணையநீர் அமிலத்தைத் தணித்து, மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் வெட்டுகிறது. பித்தநீர், சோப்பு எண்ணெயைக் கரைப்பது போலக் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது. குடல் சுவரில் மடிப்பு, மடிப்பின் மேல் விரல் போன்ற குடலுறிஞ்சிகள், அவற்றின் மேலும் நுண்ணிய உறிஞ்சிகள். விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2014-ல் ஸ்வீடனில் மறுபடி அளந்து பார்த்ததில் சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. நுரையீரல் ஒரு வீடு என்றால் குடல் அதன் பெரிய கூடம். உறிஞ்சப்பட்ட சர்க்கரையும் புரதத் துண்டுகளும் நேரே கல்லீரலுக்குப் போகின்றன; அங்கே கணக்குப் பார்த்த பிறகே உடம்புக்குள் விடப்படுகின்றன. கொழுப்பு மட்டும் நிணநீர்ப் பாதையில் சுற்றிக்கொண்டு வருகிறது.

குடலுறிஞ்சி செல்லில் இருக்கும் ஒரு சின்னக் கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை நுழைந்ததும் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கதவு கெடுவதில்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்துக் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்தக் கதவின் சாவி. அதனால்தான் வெறும் தண்ணீரைவிட அது பலன் தருகிறது.

பெருங்குடல் மிச்சத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் குடிப்பதும் உடம்பே சுரப்பதுமாக ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு போவது ஒரு தம்ளர்கூட இல்லை.

இங்கேதான் உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி நிற்கிறது. ரெண்டும் என்னதான் ஆகுது? சாப்பிட்ட சோறெல்லாம் மலமாகப் போகிறது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதி நார், பாக்டீரியா, உதிர்ந்த செல்கள். வெந்த சோற்றின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் குளுக்கோஸாகி ரத்தத்துக்குள் போய்விட்டது. ரத்தம் அதை ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோகிறது. அதே ரத்தத்தில், ஹீமோகுளோபினில் தொற்றிக்கொண்டு, நுரையீரலிலிருந்து ஆக்சிஜன் வருகிறது. தொண்டையில் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்தவை இரண்டும் செல்லுக்குள், மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்பில் சந்திக்கின்றன. சத்தமில்லாமல், தீயில்லாமல் எரிகிறது குளுக்கோஸ். இது எரிவதுதான் என்று முதலில் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். 1780-களின் தொடக்கத்தில் லாப்லாஸ் என்ற கணித அறிஞரோடு சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்தில் கினிப் பன்றியை வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது, எவ்வளவு காற்று மாறுகிறது என்று அளந்து, கரி எரிவதோடு ஒப்பிட்டார்.

கணக்கையும் போட்டுவிடலாம். சுமார் 200 கிராம் அரிசியில் உள்ள மாவுச்சத்திலிருந்து 180 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். அது முழுக்க எரிய 192 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வருவது 264 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 108 கிராம் தண்ணீரும். இரண்டு பக்கமும் 372. எரித்த குளுக்கோஸைவிட அதிக எடையில் காற்றைச் சாப்பிட்டிருக்கிறோம், பாருங்கள். அந்தக் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் கார்பன் முழுவதும் சோற்றில் இருந்தது. ரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது. அந்த 4 சதவீதமாக, அதே தொண்டை வழியாக, மூக்கால் வெளியே போகிறது. உடல் எடை குறைவதும் இப்படித்தான். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது.

இதை வீட்டிலேயே காட்டலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அலுங்காமல் வேறு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைக் கொடுத்து மகளை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். ஊத மட்டும்தான், உறிஞ்சிவிடக் கூடாது; வாய் வெந்துவிடும். சிறிது நேரத்தில் தெளிந்த நீர் பால் போல வெளுக்கும். அடியில் படியும் அந்த வெள்ளைப் பொடியில் இருக்கும் கார்பன் அவள் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து வந்தது.